நெற்றிப்பொட்டில் குத்தும் வலி

மறுக்கவியலாத உண்மையை ஒருவர் சட்டென எடுத்துரைத்தால், 'பொட்டில் அறைந்தாற்போல் சொன்னார்' என்கிறோம். கண்ணின் வெளியோரத்திற்கும் காதின் மேல்முனைக்கும் இடையே இரு விரல்களை வைக்கத்தக்க அச்சிறு பள்ளம், உடலின் மென்மையான இடங்களுள் ஒன்று என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். அவ்விடத்தில் ஊசியால் குத்தியது போன்ற வலி தோன்றும்போது மக்கள் இருவகையாக நடந்துகொள்கின்றனர். சிலர் தைலத்தைத் தேய்த்துவிட்டு மறந்துவிடுகின்றனர். வேறு சிலர் மூளையில் கட்டியாக இருக்குமோ என அஞ்சி உறக்கத்தை இழக்கின்றனர். இவ்விரண்டுக்கும் நடுவே அறிவார்ந்த வழி ஒன்று உண்டு. பொட்டில் தோன்றும் வலிகளுள் மிகப் பெரும்பாலானவை உயிருக்குத் தீங்கற்றவை. எனினும் ஒருசில, மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ பார்வையையும் உயிரையும் பறிக்க வல்லவை. அவற்றை எங்ஙனம் பிரித்தறிவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பொட்டின் அமைப்பு

நெற்றியெலும்பு, உச்சியெலும்பு, பக்கவெலும்பு, ஆப்புருவ எலும்பு ஆகிய நான்கும் சந்திக்கும் இடம் பொட்டின் பகுதியில் உள்ளது. மண்டையோட்டில் எலும்பு மெலிந்து காணப்படும் இடங்களுள் அதுவும் ஒன்று. அதன் உட்புறத்தில் மூளையுறைக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனி ஓடுகிறது. எலும்பின் மேலே, உணவை மெல்ல உதவும் விசிறி வடிவத் தசை படர்ந்துள்ளது. பல்லை இறுகக் கடித்துக்கொண்டு பொட்டில் விரலை வைத்தால் அத்தசை புடைப்பதை உணரலாம். அத்தசையின் மேல், தோலுக்குச் சற்றுக் கீழே, பொட்டுத் தமனி துடித்துக்கொண்டிருக்கிறது. முகத்தின் உணர்ச்சிகளை மூளைக்கு எடுத்துச்செல்லும் முக்கிளை நரம்பின் கிளைகளும் இங்கே பரவியுள்ளன.

மூளைத் திசுவுக்குத் தானாக வலியை உணரும் திறன் இல்லை. மூளையுறை, குருதிக்குழாய், நரம்பு, தசை, மூட்டு ஆகியவையே வலியை உணர்கின்றன. ஆகவே, பொட்டில் வலி என்றால் இவற்றுள் எது நோகிறது என்பதே முதற்கேள்வி. வலி எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எதனால் தூண்டப்படுகிறது, உடன் வரும் அறிகுறிகள் யாவை என்னும் மூன்றும் அதற்கு விடை தரும்.

சில வினாடிகளே நீடிக்கும் வலி

பொட்டிலோ கண்ணைச் சுற்றியோ மின்னலெனக் குத்தி, பெரும்பாலும் மூன்று வினாடிகளுக்குள் மறைந்துவிடும் வலியைக் 'குத்தல் தலைவலி' எனலாம். ஒரு நாளில் ஒரு முறையோ பல முறையோ வரலாம். இடம் மாறியும் வரலாம். கண்ணீர் வடிதலோ கண் சிவத்தலோ உடன் இராது. ஒற்றைத் தலைவலி உடையோரிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. அச்சம் தரும் வலியாயினும் தீங்கற்றது. அடிக்கடி வந்து தொல்லை தந்தால் மட்டுமே மருந்து தேவைப்படும். எப்போதும் ஒரே புள்ளியில் மட்டும் குத்துமாயின், ஒருமுறை மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்வது நன்று.

பனிக்கூழையோ மிகக் குளிர்ந்த பானத்தையோ விரைந்து உட்கொள்ளும்போது நெற்றியிலும் பொட்டிலும் எழும் கூரிய வலியும் இத்தகையதே. அண்ணத்தில் குளிர் படுவதால் தோன்றும் அவ்வலி, பத்து நிமிடங்களுக்குள் தானே அடங்கிவிடும்.

முகம் கழுவும்போதும், பல் துலக்கும்போதும், சவரம் செய்யும்போதும், சில வேளைகளில் காற்றுப் பட்டாலுமே மின்சாரம் தாக்கியது போல் முகத்தின் ஒரு பக்கத்தில் வலி பாயுமாயின், அது முக்கிளை நரம்புவலியாக இருக்கலாம். இது பெரும்பாலும் கன்னத்திலும் தாடையிலும் தோன்றும். பல்வலி எனத் தவறாகக் கருதி நல்ல பற்களைப் பிடுங்கிக்கொள்வோரும் உளர். இதற்குத் தக்க மருந்துகள் உள்ளன. சாதாரண வலிநிவாரணிகள் பயன்படா.

மணிக்கணக்கில் நீடிக்கும் வலி

தலைவலிகளுள் மிகப் பரவலானது இறுக்கத் தலைவலி. தலையைச் சுற்றிப் பட்டையைக் கட்டி இறுக்கினாற்போல் இரு பொட்டுகளிலும் அழுத்தம் தோன்றும். அரைமணி நேரம் முதல் ஏழு நாள் வரை நீடிக்கலாம். குமட்டல் இராது, அன்றாட வேலைகளைச் செய்ய இயலும். உறக்கக் குறைவு, மனவழுத்தம், நெடுநேரம் திரையைப் பார்த்தல் ஆகியவை இதனைத் தூண்டுகின்றன.

ஒற்றைத் தலைவலி பெரும்பாலும் ஒரு பக்கப் பொட்டில் துடிப்புடன் தோன்றி, நான்கு மணி முதல் எழுபத்திரண்டு மணி நேரம் வரை வாட்டும். குமட்டல், வெளிச்சத்தையும் ஓசையையும் பொறுக்க இயலாமை, நடந்தால் வலி மிகுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். சிலருக்கு வலிக்கு முன்னர் கண்முன்னே வளைந்து நெளிந்த ஒளிக்கோடுகள் தோன்றி, ஒரு மணி நேரத்திற்குள் மறையும். ஆண்களைவிடப் பெண்களிடம் இது ஏறத்தாழ மும்மடங்கு மிகுதி. வேளை தவறிய உணவு, உறக்கக் கேடு, மாதவிடாய், கடும் வெயில் ஆகியன இதனைத் தூண்டக்கூடும்.

கொத்துத் தலைவலி அரியது; ஆயினும் மிகக் கொடியது. கண்ணுக்குப் பின்னும் பொட்டிலும் தாங்கவியலா வலி பதினைந்து நிமிடம் முதல் மூன்று மணி நேரம் வரை நீடிக்கும். அதே பக்கக் கண் சிவந்து நீர் வடியும், மூக்கு அடைத்துக்கொள்ளும். ஒற்றைத் தலைவலி உடையவர் இருட்டறையில் அசையாது படுத்திருப்பார். இந்நோயாளியோ இருக்கை கொள்ளாது உலவுவார். நாள்தோறும் குறிப்பிட்ட நேரத்தில், பெரும்பாலும் இரவில், சில வாரங்கள் தொடர்ந்து வந்து பின்னர் மாதக்கணக்கில் மறைந்துவிடும். முகமூடி வழியே தூய ஆக்சிஜனைச் சுவாசிப்பது பலருக்கு விரைந்து பயன் தருகிறது. எனவே இது தாங்கிக்கொள்ளவேண்டிய வலி அன்று. மருத்துவம் உள்ள வலி.

வேறிடத்தில் பிறந்து பொட்டில் தெரியும் வலி

காதுக்கு முன்னே உள்ள தாடை மூட்டு பழுதுறும்போது வலி பொட்டில் தோன்றுவது வழக்கம். வாயைத் திறக்கும்போது 'கிளிக்' என்னும் ஓசை, காலையில் எழும்போது தாடை இறுக்கம், தேய்ந்த பற்கள் ஆகியவை உறக்கத்தில் பற்களை நறநறவெனக் கடிப்பதைக் காட்டுவன. பல் மருத்துவர் பொருத்தித் தரும் இரவுக் காப்புத் தட்டும், தாடைக்கு ஓய்வும் இதற்குப் போதுமானவை.

கழுத்தின் மேல் மூட்டுகளிலிருந்தும் தசைகளிலிருந்தும் எழும் வலி, பிடரி வழியே ஏறிப் பொட்டில் நிலைகொள்ளும். கழுத்தைத் திருப்பினால் வலி மிகுவது இதன் குறி. கணினித் திரையைக் கண்மட்டத்திற்கு உயர்த்துவதும், மணிக்கொருமுறை எழுந்து நடப்பதும், கழுத்துப் பயிற்சியும் நற்பயன் தரும்.

குருதியழுத்தம் உயர்ந்தால் பொட்டு வலிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. சற்றே உயர்ந்த அழுத்தம் பெரும்பாலும் எவ்வித வலியையும் தருவதில்லை. 180/120 போன்ற மிக உயர்ந்த நிலைகளிலேயே தலைவலி தோன்றும். ஆகவே, 'தலை வலிக்கவில்லை, அழுத்தம் சரியாகத்தான் இருக்கும்' என்று மாத்திரையை நிறுத்திவிடுவது பேராபத்து.

மருந்தே வலியாகும் நிலை

கடையில் தாமாகவே வாங்கி உண்ணும் வலிநிவாரணிகள் தலைவலியைத் தணிக்கின்றன. அளவு மீறினால் அவையே தலைவலியை வளர்க்கின்றன. முன்பே தலைவலி உடைய ஒருவர், சாதாரண வலிநிவாரணியை மாதத்தில் பதினைந்து நாள்களோ அதற்கு மேலோ, கூட்டு மாத்திரைகளைப் பத்து நாள்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து உண்டுவந்தால் இந்நிலை உருவாகலாம். கடன் வாங்கி வட்டி கட்டுவதைப் போல, ஒவ்வொரு மாத்திரையும் அடுத்த நாளின் வலிக்கு வித்திடுகிறது. மருத்துவரின் துணையோடு மாத்திரையை நிறுத்துவதே இதற்கு மருந்து. முதற்சில நாள்கள் வலி மிகும், பின்னர் தணியும்.

நாள்தோறும் காப்பி அருந்திப் பழகியவர், விரத நாளில் அதனை அடியோடு நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலைவலி தோன்றலாம். காப்பியைக் குறைக்க விரும்புவோர் சிறிது சிறிதாகக் குறைத்தல் நன்று. காய்ச்சலுடன் கூடிய தலைவலியில் டெங்கு ஐயம் இருப்பின், பாராசிட்டமால் தவிர்த்த ஆஸ்பிரின், ஐபுபுரூபன் போன்றவற்றைத் தொடலாகாது. அவை குருதிக்கசிவை மிகுவிக்கும்.

ஐம்பது வயதைக் கடந்தோர் அறியவேண்டிய நோய்

இவ்விதழின் வாசகர்களுள் ஓய்வூதியர் பலர். அவர்கள் இப்பகுதியை மட்டுமாவது கருத்தூன்றிப் படித்தல் வேண்டும். இதுவரை தலைவலியே அறியாத ஒருவருக்கு, ஐம்பது வயதுக்குப் பின்னர் பொட்டில் புதிதாக வலி தோன்றித் தொடருமாயின், பொட்டுத் தமனி அழற்சி என்னும் நோயை நினைவிற்கொள்ள வேண்டும். மருத்துவர்கள் இதனை 'ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ்' என்பர். பெரும்பாலும் எழுபதை ஒட்டிய வயதினருக்கும், ஆண்களைவிடப் பெண்களுக்கு மிகுதியாகவும் வருவது. வட ஐரோப்பிய மக்களை நோக்க இந்தியரிடம் குறைவே; ஆயினும் இல்லாததன்று. அரிது என்பதனாலேயே ஐயுறாமல் விடப்படும் வாய்ப்பும் இங்கே மிகுதி.

இந்நோயின் வரலாறு நெடியது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் பாக்தாத் நகரில் வாழ்ந்த கண் மருத்துவர் அலி இப்னு ஈசா, பொட்டின் குருதிக்குழாய்களையும் பார்வைக் கேட்டையும் தொடர்புபடுத்தி எழுதினார். 1890ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன், பொட்டில் சிவந்து வீங்கிய தமனிகளின் வலியால் தொப்பி அணியவும் இயலாதிருந்த ஒரு முதியவரைப் பற்றிக் குறித்தார். 1932இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ஹார்ட்டனும் உடன் பணியாற்றியோரும் இதனைத் தனியொரு நோயாக விளக்கினர்.

தமனியின் சுவர் வீங்கி உட்புழை குறுகுவதே நோயின் இயல்பு. தலை வாரும்போதும் தலையணையில் படுக்கும்போதும் உச்சித் தோல் நோகும். உணவை மென்றுகொண்டிருக்கையில் சிறிது நேரத்தில் தாடை களைத்து வலிக்கும். மெல்லுவதை நிறுத்தினால் தணியும். சப்பாத்தியையோ முறுக்கையோ பாதியில் வைத்துவிடும் முதியவரைப் பார்த்து, 'பல் போய்விட்டது' என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். தாடை மூட்டுக் கோளாற்றில் வாயைத் திறந்த உடனே வலி தோன்றும். இந்நோயிலோ தொடர்ந்து மென்ற பின்னரே தோன்றும். இவ்வேறுபாடு மிகவும் பயனுள்ளது. தோள்களிலும் இடுப்பிலும் காலை நேர இறுக்கம், இளங்காய்ச்சல், எடைக்குறைவு, பசியின்மை ஆகியவையும் உடன் வரலாம்.

பேரிடர் கண்ணில் உள்ளது. அழற்சி கண்ணுக்குச் செல்லும் குருதிக்குழாய்களையும் தாக்கினால் பார்வை நரம்பு குருதியின்றி வாடும். ஒரு கண்ணின்மேல் திரை இறங்கினாற்போல் பார்வை மங்கிச் சில நிமிடங்களில் மீள்வதும், பொருள்கள் இரட்டையாகத் தெரிவதும் எச்சரிக்கை மணிகள். இவ்வாறு நிலையாக இழந்த பார்வை பெரும்பாலும் மீள்வதில்லை. மருத்துவம் செய்யாவிடில் மறுகண்ணும் சில நாள்களிலோ வாரங்களிலோ பழுதுறக்கூடும்.

இத்துணைக் கொடிய நோய்க்கு மருந்து எளியது. இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்னும் இரு குருதிச் சோதனைகள் அழற்சியைக் காட்டும். சிறு நகர ஆய்வகங்களிலும் இவை கிடைக்கின்றன. பொட்டுத் தமனியின் ஒலியலைப் படமும், தமனியின் சிறு துண்டை எடுத்து ஆராய்வதும் நோயை உறுதிசெய்யும். எனினும் ஐயம் வலுவாயின், அம்முடிவுகளுக்காகக் காத்திராமல் மருத்துவர்கள் ஸ்டீராய்டு மருந்தை உடனே தொடங்குவர். ஓரிரு நாள்களில் வலி தணிந்து வியப்பளிக்கும். பின்னர் அளவை மெல்லக் குறைத்து, பெரும்பாலும் ஓராண்டுக்கும் மேலாக மருந்தைத் தொடர வேண்டியிருக்கும். நீரிழிவு உடையோர் ஸ்டீராய்டு என்றதும் தயங்குகின்றனர். சர்க்கரை உயர்வது உண்மையே, எலும்பும் மெலியக்கூடும். அவ்விரண்டையும் கண்காணித்துக் கட்டுப்படுத்த வழியுண்டு. போன பார்வையைத் திரும்பப் பெற வழியில்லை. வலி தணிந்துவிட்டது எனத் தாமாகவே மருந்தை நிறுத்துதல் ஒருபோதும் கூடாது.

கண்ணைக் காக்க அறியவேண்டிய வேறு இரண்டு

முதலாவது, கண்ணின் நீரழுத்தம் திடீரென உயர்தல். கண்ணிலும் பொட்டிலும் கடும் வலி, கண் சிவத்தல், பார்வை மங்கல், விளக்கைச் சுற்றி வானவில் வளையங்கள் தெரிதல் ஆகியவை இதன் அறிகுறிகள். வாந்தியும் உடன் வருவதால், வயிற்றுக் கோளாறு எனக் கருதி நேரத்தை இழப்போர் உண்டு. நடுவயதைக் கடந்த பெண்களிடமும், தூரப்பார்வைக் கண்ணாடி அணிவோரிடமும் மிகுதி. மங்கிய ஒளியில் நெடுநேரம் இருத்தலும், சில சளி மருந்துகளும் இதனைத் தூண்டலாம். சில மணி நேரத்திற்குள் கண் மருத்துவரை அடைந்தால் மருந்தாலும் லேசர் ஒளியாலும் பார்வையைக் காக்கலாம்.

இரண்டாவது, அக்கி. நெற்றியிலும் பொட்டிலும் ஒரு பக்கத்தில் மட்டும் எரிச்சலும் குத்தலும் தோன்றி, ஓரிரு நாள் கழித்து அதே இடத்தில் கொப்புளங்கள் எழும். இளமையில் வந்து மறைந்த சின்னம்மையின் நுண்கிருமி நரம்பில் உறங்கிக் கிடந்து மீண்டும் விழிப்பதே காரணம். தமிழகத்துச் சிற்றூர்களில் குயவரிடம் சென்று காவி மண்ணால் 'அக்கி எழுதுதல்' நெடுநாள் வழக்கம். அது மனத்திற்கு ஆறுதல் தரலாம், நுண்கிருமியைத் தடுக்காது. கொப்புளம் தோன்றிய எழுபத்திரண்டு மணி நேரத்திற்குள் தொடங்கும் மாத்திரைகளே மிகுந்த பயன் தருவன. மூக்கின் நுனியிலோ பக்கத்திலோ கொப்புளம் தோன்றினால் கண்ணும் பாதிக்கப்படும் வாய்ப்பு மிகுதி. அன்றே கண் மருத்துவரைக் காண வேண்டும்.

பொட்டில் பட்ட அடி

பொட்டின் எலும்பு மெலிந்தது. அதன் உட்புறத்தில் தமனி ஓடுகிறது என்று முன்னர்க் கண்டோம். இரு சக்கர வண்டியிலிருந்து விழும்போதோ பந்து தாக்கும்போதோ அவ்வெலும்பு விரிசலுற்றுத் தமனி கிழிந்தால், மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே குருதி தேங்கும். அடிபட்டவர் முதலில் எழுந்து உட்காருவார், தெளிவாகப் பேசுவார், 'ஒன்றுமில்லை' என்பார். சில மணி நேரத்தில் தலைவலி மிகுந்து, வாந்தியெடுத்து, மயங்கிவிடுவார். நடுவே உள்ள அத்தெளிவான இடைவேளையே எல்லாரையும் ஏமாற்றுகிறது.

தலையில் பட்ட அடியின் கொடுமையை இந்திய விளையாட்டுலகம் 1998 பிப்ரவரியில் கண்டது. டாக்கா நகரில் நடந்த போட்டியில், தலைக்கவசமின்றி மட்டையாளருக்கு மிக அருகே நின்று களத்தடுப்பில் ஈடுபட்டிருந்த இந்திய வீரர் இராமன் லாம்பாவின் தலையில் பந்து தாக்கியது. காயம் முதலில் பெரிதாகத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் அவர் உயிர் நீத்தார். தலையில் பலத்த அடிபட்டவரை, அவர் நலமாகப் பேசினாலும், மருத்துவமனைக்கு அழைத்துச்செல்ல வேண்டும். குருதி உறையாமைக்கான மருந்து உண்போருக்கும் முதியோருக்கும் இது இருமடங்கு பொருந்தும். தலைக்கவசம் அணிவோர் அது பொட்டையும் மறைப்பதா எனப் பார்ப்பதும், கழுத்துப் பட்டையை மாட்டுவதும் இன்றியமையாதவை.

தாமதிக்கலாகாத அறிகுறிகள்

கீழ்க்கண்டவற்றுள் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 112 என்னும் எண்ணையோ, பல மாநிலங்களில் இயங்கும் 108 ஆம்புலன்ஸ் எண்ணையோ அழைக்கலாம்.

1. ஒரு நிமிடத்திற்குள் உச்சத்தை அடையும், வாழ்நாளில் காணாத கடும் தலைவலி. இது மூளையைச் சுற்றிய குருதிக்கசிவாக இருக்கலாம்.
2. பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, முகக் கோணல், வலிப்பு, மனக்குழப்பம்.
3. காய்ச்சலும் கழுத்து விறைப்பும்.
4. பார்வை மங்கல், இரட்டைப் பார்வை, கண் சிவந்து வலித்தல்.
5. தலையில் அடிபட்ட பின் மிகும் வலி, மீண்டும் மீண்டும் வாந்தி.
6. ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தோன்றிய தலைவலி.
7. கருவுற்ற பெண்களுக்கும், மகப்பேற்றுக்குப் பிந்திய வாரங்களில் தாய்மார்க்கும் புதிதாகத் தோன்றும் கடும் தலைவலி. உயர் குருதியழுத்தமும், மூளைச் சிரைகளில் குருதி உறைதலும் காரணமாக இருக்கக்கூடும்.
8. இருமும்போதும் குனியும்போதும் மிகும் வலி. நாளுக்கு நாள் வளர்ந்துவரும் வலி.

வலிக்கும் ஒரு கணக்கேடு

மருத்துவரின் முன் அமர்ந்ததும், 'அடிக்கடி வலிக்கிறது' என்பதற்கு மேல் நம்மால் ஒன்றும் சொல்ல இயலுவதில்லை. வங்கிக் கணக்கின் வரவு செலவை நினைவைக்கொண்டு எவரும் சரிபார்ப்பதில்லை. பதிவேட்டைப் பார்த்தே சரிபார்க்கிறோம். வலிக்கும் அதுவே முறை. சிறு குறிப்பேட்டில் நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எப்பக்கம், வலியின் கடுமை பத்துக்கு எத்தனை, உடன் தோன்றியவை, முந்தைய இரவின் உறக்கம், உண்ட மாத்திரை ஆகியவற்றை ஒவ்வொரு வரியாக எழுதிவரலாம். நான்கு வாரப் பதிவு, விலையுயர்ந்த ஸ்கேன் படத்தைவிட மிகுதியாகச் சொல்லும் நேரங்கள் பல. மேற்கண்ட எச்சரிக்கை அறிகுறி இருப்போர் மட்டும் நான்கு வாரம் காத்திராமல் உடனே செல்ல வேண்டும்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். தலைவலிக்கான மருத்துவம் பெரும்பாலும் புறநோயாளியாகவே நடைபெறும். பல காப்பீட்டுப் பத்திரங்கள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. எனவே சேமிப்பில் ஒரு சிறு பகுதியை உடனே எடுக்கத்தக்க வகையில் மருத்துவத்திற்கென ஒதுக்கிவைத்தல் நன்று. எழுபது வயதும் அதற்கு மேலும் ஆனோர்க்கு, வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு உதவும் வகையில் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது. தகுதியுடைய முதியோர் வீட்டில் இருப்பின், தேவை எழும் முன்னரே அட்டையைப் பெற்றுவைத்தல் அறிவுடைமை.

இக்கட்டுரை மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றாகாது. எப்போது அவரை நாட வேண்டும் என்பதை உணர்த்துவதே இதன் எல்லை. அடுத்த முறை வீட்டில் உள்ள முதியவர் ஒருவர் பொட்டைத் தடவிக்கொண்டு, 'இரண்டு நாளாக இங்கே குத்துகிறது' என்றால், தைலக் குப்பியை எடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்போம்: பார்வை தெளிவாக உள்ளதா? தலை வாரும்போது நோகிறதா? உணவை மெல்லும்போது தாடை களைக்கிறதா? மூன்றில் ஒன்றுக்கேனும் அவர் தயங்கி விடை சொன்னால், அன்றைய தினமே அவரை மருத்துவரிடம் அழைத்துச்செல்வோம்.